ஏழாம் எண்: என் வீடு

அர்மிரா தீவு,
1991 அக்டோபர் 21, திங்கட்கிழமை

ஏதென்ஸ் நகரிலிருந்து ‘தீவு விடுமுறை: காண வேண்டிய வரலாற்று இடங்கள்’ என்னும் கையேட்டை வெளியிட்டுவரும் பதிப்பாசிரியர் உயர்திரு மவ்ரூதிஸ் அவர்களின் சமூகத்துக்கு, அர்மிரா துறைமுகச் சுங்கச் சாவடியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பாந்தெலிஸ் கலாஃபாதிஸ் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது.

புனிதர்கள் புண்ணியத்தில் இங்கே நான் சௌக்கியம், இடது கால் வீக்கத்தைத் தவிர. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அச்சுக்கூடத்தாரும் பிழை திருத்துபவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. இதில் பிழை திருத்துபவரைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பாவம், அவருக்குப் போன வருஷம் உடம்புக்கு ஏதோ வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படியெல்லாம் நடந்திருக்காது.

நிற்க. தங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், ‘பிழை கண்டவர்கள் அக்டோபர் முடிவதற்குள் எழுதினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்கிறோம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மையை நம்பித்தான் எழுதுகிறேன். எழுபத்தோராம் பக்கத்தில் எங்கள் தீவுக்கு ஏழு இடங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று, வெனிஸ்காரர் கட்டிய கோட்டை. சரி. கோட்டை என்று சொல்ல ஒரு சுவர்தான் மிச்சம், மற்றக் கல்லையெல்லாம் எங்கள் பாட்டன்மார் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டார்கள் என்றாலும், சரி. இரண்டு, பெண் துறவியர் மடம். மூன்று, பழைய காலத்துப் பளிங்குச் சிங்கம். அதற்குத் தலை கிடையாது. ஆனாலும் சிங்கம்தான் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள், நாங்கள் ஒப்புக்கொண்டோம். நான்கு, ரோமானியர் தண்ணீர்த்தொட்டி. ஐந்து, மூன்று காற்றாலைகள். ஆறு, கடற்கொள்ளைக்காரர்கள் ஒளிந்திருந்த குகை. ஏழு, என் வீடு.

ஐயா, நான் கோபப்படவில்லை. ஆனால் ஏழு, என் வீடு!

உங்கள் கையேடு ஆங்கிலத்தில் இருப்பதால் அதை எனக்கு மருந்துக்கடை கலியோப்பிதான் வாசித்துக் காட்டினாள். ‘நாட்டுப்புற வாழ்க்கைக் காட்சியகம். அடுப்புக்கரிச் சந்தில், கதவில் கறுப்பு நாடா கட்டிய வீடு. அனுமதி இலவசம். ஒரு தீவுக் குடும்பத்தின் பழைய கூடம் அப்படியே பாதுகாக்கப்பட்டுள்ளது. வயதான காவலர் அக்காலத்து உடையில் இருப்பார். வருகிறவர்களுக்குக் கிச்சிலிப் பழப் பாகும் குளிர்ந்த தண்ணீரும் உண்டு. தவறவிடாதீர்கள்.’ முதல் பிழை, இது காட்சியகம் அல்ல. இரண்டாவது பிழை, நான் காவலர் அல்ல, வீட்டுக்காரன். மூன்றாவது பிழை, அது அக்காலத்து உடை அல்ல, என் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆயுள் இருக்கிறது.

இந்த வினை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஸ்தமாதியா எண்பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் காலமானாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வருஷம் ஜூலை இருபத்தேழு, புனித பாந்தெலெய்மோன் திருநாள், அதாவது அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கிய என் பெயர்நாள் வந்தபோது துக்கம் என்பதால் கதவைச் சாத்தி வைத்தேன், யாரும் வரவில்லை, அது முறைதான். அடுத்த வருஷம் கதவைத் திறந்தேன். பெயர்நாளுக்கு யாரையும் கூப்பிடுவது வழக்கமில்லை என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நாம் உட்கார்ந்திருக்க வேண்டியது, ஊர் தானாக வரவேண்டியது, ‘பல்லாண்டு வாழ்க’ என்று சொல்லிவிட்டுப் பாகு தின்று தண்ணீர் குடித்துப் போகவேண்டியது. நானும் காலை எட்டு மணிக்கே சவரம் செய்து, கோட்டுப் போட்டு, பூவேலைத் துணி விரித்து, ஸ்தமாதியா கடைசியாகக் காய்ச்சி வைத்திருந்த ஜாடிகளில் ஒன்றைத் திறந்து, முப்பது தட்டு முப்பது கரண்டி அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. சந்தில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வாசல்வரை வருகிறது, போய்விடுகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று மணிக்கு ஒருவர் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். தாடி வைத்த ஹாலந்துக்காரர். உங்கள் ஆள். முன்பின் தெரியாதவராக இருந்தால் என்ன, வாசற்படி தாண்டி வந்தவர் விருந்தாளி. தட்டை நீட்டினேன். அவர் தின்றார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அந்த முப்பது தட்டில் அவர் மட்டும் மூன்று தின்றார். மிச்ச இருபத்தேழையும் ராத்திரி நானே ஜாடியில் திரும்பக் கொட்டினேன்.

அவர் எழுதிக்கொண்டது என்ன என்பது இந்த வருஷம் மே மாதம் பதினோராம் தேதி சனிக்கிழமை தெரிந்தது. காலை பத்து மணி. நான் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்து, உப்பு வெந்நீர்ப் பேசினில் காலை விட்டுக்கொண்டு, ரேடியோவில் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள் என்று ஒரு குடும்பம் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றது. அப்பாக்காரர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். பேசின் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. மனைவியிடம் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் பேசினைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று பார்க்க ஓய்வூதிய அலுவலகம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, எழுந்து நின்று காட்டினேன். அவர்கள் கை தட்டினார்கள். சரி, வந்துவிட்டார்கள், வெறும் வாயோடு அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? ஈரக் காலோடு போய்ப் பாகு கொண்டுவந்து கொடுத்தேன். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பாகு கொடுத்ததும் புத்தகத்தில் உள்ளது உண்மை என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? ஒரு இங்கிலாந்துக்காரப் பெண்மணி கட்டிலின் வயது கேட்டாள், கல்யாணத்துக்கு வாங்கியது, ஐம்பத்து மூன்று என்று விரல் விட்டுக் காட்டினேன், ஐம்பத்து மூன்று வருஷமா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றா, கிறிஸ்து பிறந்து ஐம்பத்து மூன்றா, எதை எழுதிக்கொண்டாளோ தெரியாது, கட்டிலைத் தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு மாணவன் என் மின்சாரக் கட்டண ரசீதைக் கண்ணாடி வைத்துப் படித்தான். இரண்டு ஜெர்மானியர்கள் பட்டாணிச் சுண்டல் கொதிக்கிற பானையைத் திறந்து பார்த்து, நிஜமான பட்டாணி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மத்தியானம் எல்லா மனிதர்களும் தூங்குகிற நேரத்தில் நானும் தூங்கினேன், கண் விழித்தால் கட்டிலைச் சுற்றிப் பதினோரு பேர், மூச்சு விடாமல் நிற்கிறார்கள். ஒருவன் என் குறட்டையை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டிருந்தான். போகும்போது ஒரு தாத்தா பாகுத் தட்டில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டார், என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை, சந்து முழுக்க ஒற்றைச் செருப்போடு ஓடி அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன். நான் சுங்கச் சாவடியிலிருந்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்த ஒரு வெற்றுப் பதிவேட்டை மேசையில் வைத்திருந்தேன். அதில் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கலியோப்பி வாசித்துச் சொன்னாள். ஒருவர், ‘கிழவர் மிகவும் தத்ரூபம்’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், ‘கிழவர் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம்’ என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார்.

ஸ்தமாதியா காய்ச்சிய ஜாடிகள் ஜூன் மாதத்தோடு தீர்ந்துபோயின. கடைசி ஜாடியின் அடிப்பாகை ஒரு நார்வேக்காரன் வழித்துத் தின்றான். அன்றைக்குச் சாயங்காலம் நான் காலி ஜாடியைக் கழுவவில்லை. மறுநாள் பத்துக் கிலோ கிச்சிலி வாங்கிவந்து நானே காய்ச்சினேன், அடி பிடித்தது, இன்னொரு பத்துக் கிலோ வாங்கினேன், அதுவும் பிடித்தது, மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு லெமோனியா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அடுப்பைத் தணித்துக் காட்டினாள். இதையெல்லாம் எந்த எண்ணில் பிழையாகச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நகராட்சியிலிருந்து ஒரு இளைஞர் கோப்போடு வந்தார். நான் தட்டை நீட்டினேன். கையால்கூடத் தொடவில்லை.

“பெரியவரே, இது வீடா, காட்சியகமா?”

“வீடு தம்பி. இங்கதான் தூங்கறேன், பாக்கலாம். நெறைய பேர் பாத்திருக்காங்க.”

“வீடுன்னா ஊரு உலகமெல்லாம் ஏன் உள்ள வருது?”

“கதவு தொறந்திருக்கு, வருது.”

“அப்போ மூடுங்க. இல்ல, காட்சியகம்னா உரிமம் எடுங்க, தீயணைக்கிற உருளை மாட்டுங்க, ஆணுக்கு ஒண்ணு பொண்ணுக்கு ஒண்ணு கழிப்பறை கட்டுங்க.”

நானும் முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவன், அவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காப்பிக்கடை ஸ்த்ராத்திஸுக்கோ வேறு மாதிரி எரிச்சல். என்னைப் பார்த்தால், “வாய்யா காட்சியகம், தலையில்லாத சிங்கத்தைவிட உனக்குக் கூட்டம் அதிகமாமே! அதுக்குத் தலையில்ல, உனக்கு மூளையில்ல, ரெண்டும் ஒரே கணக்கு” என்கிறான். சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஆனால் முன்பு போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வதில்லை. பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைக்கிறான்.

இந்த வருஷத்துப் பெயர்நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். ஜூலை இருபத்தேழு சனிக்கிழமை. காலையிலிருந்து மணி அடிக்கிறது. ஊர் முழுவதும் மேட்டுக் கோயிலில். என் வீட்டிலோ பெரிய படகில் வந்திறங்கிய கூட்டம். அறுபத்து மூன்று பேர் பாகு தின்றார்கள். வாசலில் வரிசை நின்றது ஐயா, வரிசை! எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், காலைத் துடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வந்தவர்கள். அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அன்றைக்கு என் பெயர்நாள் என்று தெரியாது. கோயிலிலிருந்து இறங்கி வந்த ஊர்க்காரர்கள் வரிசையைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். நாலு மணிப் படகு ஊதியது, கூட்டம் போய்விட்டது. அறுபத்து மூன்று கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே ‘பல்லாண்டு வாழ்க, பாந்தெலி’ என்று சொல்லிக்கொண்டேன். தனிமையாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மிகவும் தனிமையாக இருந்தது.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் செப்டம்பரில் லெமோனியாவை மடக்கிக் கேட்டுவிட்டேன். அவள் மாடியில் தக்காளி காய வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் லெமோனியா, ரெண்டு வருஷமா என் பேர்நாளைக்கு ஒரு குஞ்சும் எட்டிப் பாக்கலையே, நான் உங்க சொத்தையா எழுதி வாங்கிட்டேன்?”

“நல்லா இருக்குண்ணே நாயம்! கதவுல கறுப்பக் கட்டி வச்சுக்கிட்டு, வரல வரலைங்கிறீங்க. துக்க வீட்டுக்குள்ள போய் பல்லாண்டு வாழ்கன்னு சொல்றதா? சொன்னா என்னைக் காறித் துப்ப மாட்டாங்க?”

“கதவு தொறந்துதானே இருந்துச்சு!”

“காத்துக்குன்னு நெனைச்சோம்.”

“கோட்டு வேற போட்டிருந்தேனே!”

“அதான் எங்களுக்கும் பயமா இருந்துச்சு. அந்த வெய்யில்ல கோட்டு. மனுஷன் ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு ஸ்த்ராத்திஸ்தான் எல்லாருக்கும் சொன்னாரு.” கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். “அந்த நாடாவக் கழட்டி எறிங்கண்ணே. அது தானா இத்துப்போய் விழட்டும்னு விடுறது வழக்கம்தான். ஆனா நீங்க வாங்கிக் கட்டினது கப்பல்காரன் நாடா, அது உங்களுக்கு அப்புறமும் நிக்கும். கழட்டுங்க. அடுத்த ஜூலைல பாருங்க, ஊரே வந்து உங்க சோபாவ ஒடைச்சிட்டுப் போகும்.”

எனக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக ஊர் என்னை ஒதுக்கிவிட்டது என்று நான் இங்கே குமைகிறேன், மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு ஊர் சந்தில் சத்தமில்லாமல் போகிறது! உடனே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். முக்காலி போட்டு ஏறினேன். கத்தரியை வைக்கிற சமயம் பின்னால் ஒரு சத்தம். முதுகில் மூட்டையோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும், நல்ல வெய்யிலில், முகமெல்லாம் சிவந்துபோய், புத்தகத்தையும் நாடாவையும் மாறி மாறிப் பார்த்து, இதுதான் இதுதான் என்று குதிக்கிறார்கள். மூன்று தடவை ஊரைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள், பாவம். கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே கூப்பிட்டேன். நாடாவை எடுத்தால் உங்கள் வாசகர்கள் இந்தச் சந்தில் வீடு வீடாகப் புகுவார்கள். எடுக்காவிட்டால் என் ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள். நீங்களே சொல்லுங்கள், நான் எந்தப் பக்கம் போவது?

ஆகவே தங்களை மிகவும் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த பதிப்பில் ஏழாம் எண்ணை அடியோடு நீக்கிவிட வேண்டும். அது வந்தவுடன் நான் நாடாவைக் கழற்றிவிடுகிறேன். அடுத்த ஜூலையில் மனுஷனாக, என் சொந்த ஊர் நடுவே, என் சொந்தப் பெயர்நாளைக் கொண்டாடுகிறேன். ஏழு என்று ஒரு எண் காலியாக இருந்தால் அழகில்லை என்று நினைத்தால் பழைய சுங்கச் சாவடியைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல கல் கட்டடம், பூட்டியிருக்கிறது, பாகு கேட்க மாட்டார்கள். மற்றபடி, நாலாம் எண் தண்ணீர்த்தொட்டியில் ஆடு கட்டியிருக்கிறது, காற்றாலை மூன்றல்ல இரண்டு, மடத்துக்கு அரைக்கால் சட்டையோடு போனால் தலைமைத் துறவி துடைப்பத்தை எடுப்பார், இவற்றையும் கவனித்துக்கொள்ளவும்.

தங்களுக்கும் தங்கள் சந்ததியாருக்கும் குளிர்காலம் காற்றில்லாமல் கழியட்டும். நோய் தீர்க்கும் புனித பாந்தெலெய்மோன் தங்கள் பிழை திருத்துபவரின் கண்ணைக் காக்கட்டும். ஹாலந்துக்காரரைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் வருத்தமும் மரியாதையும் சம அளவில் உள்ள,
பாந்தெலிஸ் கலாஃபாதிஸ்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டி, தபாலாபீஸ் வரை கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, காப்பிப் பாத்திரத்து ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே சொன்ன பிழைகளோடு இன்னொன்றும் உண்டு. அதை நான் சொல்லவில்லை. கலியோப்பி எனக்கு முதலில் வாசித்தபோது ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். வருகிறவர்கள் போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, தெரிந்த அரைகுறைக் கிரேக்கத்தில் “ரொம்ப நன்றிங்கம்மா!” என்று கத்திச் சொல்வதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தைக் கொண்டுபோய் விரலை வைத்துக் கேட்டேன். “வேண்டாம் மாமா” என்றாள். விடவில்லை. வாசித்தாள். ‘பாகு காவலரின் மனைவியின் கைப்பக்குவம். கூச்ச சுபாவம் உள்ளவர், சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார். போகும்போது அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.’

ஹாலந்துக்காரரிடம் நான் பொய் சொல்லவில்லை. யார் செய்தது என்று கையால் கேட்டார், நான் சமையலறையைக் காட்டினேன், அவ்வளவுதான். வருகிறவர்களிடமும் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் நன்றி சொன்னதும், “கேட்டுச்சு அவளுக்கு” என்று மட்டும் சொல்வேன். ஊர்க்காரர்கள் வந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள் ஐயா, அவர்களுக்குத் தெரியும். உங்கள் வாசகர்களுக்குத்தான் தெரியாது.

ஆகையால் ஏழாம் எண்ணைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம். எதையும் மாற்ற வேண்டாம். ‘கூச்ச சுபாவம்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அதைப் படித்தால் இந்தத் தீவே சிரிக்கும். அவள் வேலையாக இருக்கிறாள் என்று போடுங்கள்.